நானோ கெடுதலா? தூளா, பூச்சா என்று முதலில் கேளுங்கள்

கேள்வி இது: "வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் நானோ வெள்ளி இருக்கிறதாம். மகள் பூசும் சன்ஸ்கிரீனில் நானோ துத்தநாகம். வயலுக்கு நானோ யூரியா அடிக்கச் சொல்கிறார்கள். பையன் வேறு நானோ டெக்னாலஜியில் எம்.டெக். சேர்ந்து, நாள் முழுக்க ஏதோ கறுப்புத் தூளோடு வேலை பார்க்கிறான். இதெல்லாம் உடம்புக்குக் கெடுதல் இல்லையா? மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும்?"

ஐயா, நான்கு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். அதில் போகிறபோக்கில் 'வேறு' என்று சேர்த்த அந்த நான்காவதுதான் எனக்கு முதல் கவலை. அதனால் பையனிடமிருந்தே தொடங்குகிறேன். மற்ற மூன்றும் பின்னால் வரும். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானோ என்பது ஒரு பொருளின் பெயர் கிடையாது, அளவின் பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் இருக்கும். 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளதைத்தான் நானோ துகள் என்கிறோம். எனவே "நானோ கெடுதலா" என்று கேட்பது, "தூள் கெடுதலா" என்று கேட்பது மாதிரி. மஞ்சளும் தூள்தான், எலி மருந்தும் தூள்தான்.

அப்புறம் ஏன் அளவைப் பற்றி இத்தனை பேச்சு? ஒரு சென்டிமீட்டர் சர்க்கரைக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முகங்களையும் சேர்த்தால் 6 சதுர சென்டிமீட்டர், தபால்தலை அளவு. அதையே ஒரு நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் எல்லா முகங்களும் சேர்ந்து 6,000 சதுர மீட்டர் வரும். கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர்! எடை ஒரு துளிகூடக் கூடவில்லை. வேதிவினை நடப்பதெல்லாம் மேற்பரப்பில்தான் என்பதால், சும்மா கிடந்த பொருள்கூட இந்த அளவில் துடிப்பாகிவிடுகிறது. மோதிரத்தில் எதோடும் சேராமல் கிடக்கும் தங்கம், சில நானோமீட்டர் துகளானால் கார்பன் மோனாக்சைடை எரிக்கும் வினையூக்கியாகிறது. தண்ணீரில் மிதக்கவிட்டால் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே இதைச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார்.

ஆகவே எந்த நானோப் பொருளைக் கண்டாலும் நான் கேட்பது மூன்று கேள்விகள்தான். பொருள் எது? அது எதிலாவது கட்டிக் கிடக்கிறதா, அவிழ்ந்து பறக்கிறதா? மூச்சு, வாய், தோல் மூன்றில் எந்த வழியாக உள்ளே போகும்?

இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கீழடியே சாட்சி. அங்கே கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் (கார்பன் அணுக்களால் ஆன மிக மெல்லிய குழாய்கள்) இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார்கள். வாட்ஸ்அப்பில் அது "அன்றே நானோ கண்ட தமிழன்" என்று சுற்றியது. அந்தக் குயவருக்கு நானோவும் தெரியாது, குழாயும் தெரியாது. சூளையின் சூடு செய்த வேலை அது. எனக்கு அதில் பிடித்தது வேறு. இருபது நூற்றாண்டுக்கு மேல் மண்ணில் புதைந்து கிடந்தும் அந்தப் பூச்சு கழன்று போகவில்லை. அந்தப் பானையில் கஞ்சி குடித்தவர் யாரும் அதனால் நோயில் விழுந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் பையனின் கறுப்புத் தூளும் பெரும்பாலும் இதே குழாயாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டிலில் தூளாக இருக்கும்போது கதை வேறு.

அந்தத் தூளைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். பாட்டில் நிறைய இருக்கும், கையில் தூக்கினால் காலி பாட்டில் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் நிலைமின்சாரத்தில் தூள் தானாக எழும்பிக் கையுறை விரல்களில் ஒட்டும். ஸ்பேச்சுலாவில் எடுத்தால் பாதி வழியிலேயே புகை மாதிரி கலைந்து போகும். ஒருமுறை ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். ஒரு மாணவர் இந்தத் தூளை எடை போட்டுக்கொண்டிருந்தார். தராசின் கண்ணாடிக் கதவு திறந்தே இருந்தது, தலைக்கு மேல் ஃபேன், முகத்தில் துணி மாஸ்க். எடை ஏன் நிற்காமல் ஏறி இறங்குகிறது என்று என்னிடமே கேட்டார். மேசை ஓரத்தில் வெள்ளைத் தாளால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். தாள் கறுத்தது. காற்றில் போனது அவர் மூக்குக்குள்ளும் போயிருக்கும்.

இது ஏன் கவலை? ஆஸ்பெஸ்டாஸ் ஏன் ஆபத்தானது என்று தெரிந்தால் இதுவும் புரியும். நுரையீரலின் கடைசிக் காற்றறைகளில் துப்புரவு செல்கள் உண்டு. உள்ளே வரும் தூசியை விழுங்கிச் செரித்துவிடும், அல்லது வெளியே தள்ளிவிடும். ஒரு செல்லின் அகலம் இருபது மைக்ரான் வாக்கில் (ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர்). அதைவிட நீளமான, விறைப்பான, கரையாத இழை வந்து மாட்டினால் அதால் முழுதாக விழுங்க முடியாது. ஓணானைக் கவ்விய கோழி மாதிரி பாதி உள்ளே, பாதி வெளியே என்று திணறும். திணறும்போது, செரிப்பதற்கு வைத்திருந்த சரக்கையெல்லாம் சுற்றிலும் கக்கிவிடும். அங்கே அழற்சி. இழை கரைவதில்லை, எனவே அழற்சியும் ஆறுவதில்லை. வருடக்கணக்கில் இப்படியே போனால் தழும்பு, நுரையீரல் உறையில் புற்றுநோய்.

2008-இல் எடின்பரோவில் கென் டொனால்ட்சன் குழுவினர் எலிகளின் வயிற்று அறைக்குள் 50 மைக்ரோகிராம் கார்பன் நானோ குழாயைச் செலுத்திப் பார்த்தார்கள். நீளமாக விறைப்பாக இருந்த குழாய்கள் ஒரே வாரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் செய்வது போன்ற அழற்சியையும் அழற்சி முடிச்சுகளையும் உண்டாக்கின. குட்டையாகச் சுருண்டு நூல்கண்டு மாதிரி இருந்தவை அப்படிச் செய்யவில்லை. பெயர் ஒன்று, கார்பன் ஒன்று, வடிவம்தான் வேறு. நேரே வயிற்றுக்குள் செலுத்துவதும் மூச்சில் இழுப்பதும் ஒன்றா என்று அப்போது கேட்டார்கள், நியாயமான கேள்விதான். பிறகு ஜப்பானில் எலிகளை இரண்டு வருடம் இந்தத் தூசி கலந்த காற்றை மூச்சிழுக்க வைத்துப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் நுரையீரல் புற்று வந்திருந்தது. அந்தக் குறிப்பிட்ட ரகத்தின் பெயர் எம்.டபிள்யூ.சி.என்.டி.-7. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2014-இல் அந்த ஒரு ரகத்தை மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற குழாய்களுக்கு வகைப்படுத்தும் அளவு சான்று போதவில்லை என்று விட்டது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-இல் சொன்ன வரம்பு, வேலையிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஒப்பிட்டுப் பார்க்க: நம் நாட்டில் தெருக் காற்றின் நுண்தூசிக்கு, அதாவது பி.எம். 2.5-க்கு, வருடச் சராசரி வரம்பே 40 மைக்ரோகிராம்.

மனிதரிடம் நேரடிச் சான்று உண்டா என்றால், அடிக்கடி சொல்லப்படுவது 2009-இல் ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ இதழில் வந்த பெய்ஜிங் மருத்துவர்களின் கட்டுரை. ஒரு பெயின்ட் தெளிப்புக் கூடத்தில் வேலை பார்த்த ஏழு பெண்களுக்கு நுரையீரல் கெட்டது, இருவர் இறந்தார்கள். நுரையீரலில் சுமார் 30 நானோமீட்டர் துகள்கள் இருந்தன. நானோதான் கொன்றது என்று தலைப்புகள் வந்தன. கட்டுரையைப் படித்தால், காற்றை வெளியேற்றும் கருவி மாதக்கணக்கில் பழுது, குளிருக்குக் கதவு ஜன்னலெல்லாம் சாத்தல், மாஸ்க் பேருக்கு. கொன்றது துகளா, பிளாஸ்டிக் சூடானதில் வந்த புகையா என்று வல்லுநர்களிடையே வாதம் நடந்தது. என்னைக் கேட்டால், எதுவாக இருந்தாலும் அந்த அறையில் ஒரு எக்ஸாஸ்ட் ஒழுங்காக ஓடியிருந்தால் அந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பையனுக்குச் சொல்லுங்கள்: தூளை ஃபியூம் ஹுட்டுக்குள் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு), முடிந்தால் மூடிய பெட்டிக்குள் மட்டும் திறக்கட்டும். வாங்கும்போதே திரவத்தில் கலந்ததாக வாங்க முடியுமா என்று கேட்கட்டும். ஈரமாக இருப்பது பறக்காது. சர்ஜிக்கல் மாஸ்க் உதவாது, ஓரம் முழுக்க ஓட்டை. முகத்தில் பதிந்து நிற்கும் என்-95 வேண்டும். "இவ்வளவு சின்னத் துகளை எந்த வடிகட்டி பிடிக்கும்" என்று சிலர் கேட்பார்கள். உண்மை தலைகீழ். ஹெப்பா மாதிரியான இழை வடிகட்டியை ஏமாற்றுவது 300 நானோமீட்டர் வாக்கில் உள்ள நடுத்தரங்கள்தான். அதைவிடப் பொடிசானவை காற்று மூலக்கூறு இடித்து அங்குமிங்கும் துள்ளி, ஏதாவது ஒரு இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, மேசையைத் துடைப்பத்தால் பெருக்கவோ ஊதவோ வேண்டாம், ஈரத்துணி. ஆய்வகத்தில் மாட்டும் வெள்ளைக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் துணிகளோடு துவைக்கவும் வேண்டாம். இதெல்லாம் இல்லாத ஆய்வகம் என்றால் வழிகாட்டியிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மதிப்பெண் போய்விடும் என்று பயப்படுவான். பயந்தால் நீங்கள் கேளுங்கள்.

இடையில் ஒரு விஷயம். பெயர் போடாத நானோ நம்மைச் சுற்றி ஏராளம். அரிக்கேன் விளக்குச் சிம்னியில் படியும் கரி, விளக்கெண்ணெய் எரித்து எடுக்கும் கண்மை, விறகடுப்புப் புகை, கொசுவர்த்தி, டீசல் பஸ்ஸின் பின்புகை எல்லாவற்றிலும் 20, 30 நானோமீட்டர் கரித் துகள்கள் உண்டு. டீசல் புகையை 2012-இலேயே புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தாகிவிட்டது. மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்தவர்களின் மூளைத் திசுவில், எரிதலில் உருவாகும் உருண்டை வடிவ காந்த இரும்பு நானோ துகள்கள் இருந்ததை 2016-இல் காட்டினார்கள். மூக்கின் மேல்பக்க நரம்பு வழியே மூளைக்குப் போகலாம் என்பது எலிகளில் அதற்கு முன்பே தெரிந்ததுதான். சன்ஸ்கிரீனைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே புகையடுப்பில் சமைப்பவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

சரி, சன்ஸ்கிரீன். தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆன சுவர். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் அதைத் தாண்டி உயிருள்ள அடுக்குக்குப் போவதாகப் பெரும்பாலான ஆய்வுகளில் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் அடையாளமிட்ட துத்தநாகத்தைக் கலந்து கடற்கரையில் ஆட்கள் மீது பூசிப் பார்த்ததில், ரத்தத்தில் மிக மிகச் சொற்பம் வந்தது. அதுவும் துகளாகவா, கரைந்த துத்தநாகமாகவா என்று பிரிக்க முடியவில்லை. நாம் சாப்பாட்டிலேயே தினமும் அதைவிட எத்தனையோ மடங்கு துத்தநாகம் சாப்பிடுகிறோம். மகள் கிரீமாகப் பூசட்டும், தாராளமாக. ஸ்பிரேயாக அடிப்பதை மட்டும் விடச் சொல்லுங்கள். ஐரோப்பிய நிபுணர் குழுவும் 25 சதவீதம் வரை தோலில் சரி, நுரையீரலுக்குள் போகும் ஸ்பிரே வேண்டாம் என்றுதான் சொன்னது. அதே துகள், வழி மாறியதும் தீர்ப்பும் மாறுகிறது, பாருங்கள்.

வாய்வழி என்றால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சூயிங்கம், மிட்டாய், மாத்திரை மேல் இருக்கும் பளீர் வெள்ளை. இ171 என்ற டைட்டானியம் டை ஆக்சைடு அது. நானோவாகத் தயாரிப்பதில்லை, ஆனாலும் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு துகள் 100 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதை 2012-இல் அளந்து காட்டினார்கள். பிரான்ஸ் 2020 ஜனவரியில் உணவில் அதை நிறுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2021-இல், மரபணுவைச் சேதப்படுத்தும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை, எனவே பாதுகாப்பானது என்று இனிச் சொல்ல மாட்டோம் என்றது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை. அதே ஆவணங்களைப் பார்த்த கனடாவும் பிரிட்டனும் தடைக்குக் காரணம் இல்லை என்றன. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் குழுவும் 2023-இல் அதையே சொன்னது. ஐரோப்பாவே மாத்திரையில் இன்னும் அனுமதிக்கிறது, மாற்று கிடைக்காததால். படித்தவர்களே இரண்டு பக்கம் நிற்கும்போது நான் ஒரு எளிய கணக்குப் போடுவேன். இது ருசியும் தராது, கெடாமலும் காக்காது, வெறும் வெள்ளை. வெள்ளைக்காக ஒரு சந்தேகத்தை எதற்கு விழுங்க வேண்டும்? மாத்திரை தேவைக்கு. சூயிங்கம் தேவைக்கா?

மருந்தில் நானோ என்பது தனிக் கதை. 1995-இல் டாக்சில் என்ற புற்றுநோய் மருந்து வந்ததிலிருந்து, கொழுப்பு உறையில் பொதிந்த மருந்துகள் நோயாளிகளிடம் சோதித்து, பக்கவிளைவு எழுதி, அளவு பார்த்துத்தான் வருகின்றன. அங்கே எனக்குப் பெரிய கவலை இல்லை.

இப்போது தண்ணீர். வெள்ளி துகளாக இருந்தாலும் அதன் வேலையைச் செய்வது அதிலிருந்து மெல்லக் கசியும் வெள்ளி அயனி. கிருமியைக் கொல்வது அதுதான். கிருமியைக் கொல்வது குளத்துப் பாசியையும் மீன்குஞ்சையும் சும்மா விடாது. 2008-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 'நாற்றம் வராத' வெள்ளி சாக்ஸ் ஆறு ரகம் வாங்கித் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில ரகங்கள் நான்கு அலசலிலேயே கிட்டத்தட்ட மொத்த வெள்ளியையும் விட்டன. சில பெரிதாக விடவில்லை. வாங்கியவர் காசு கொடுத்தது வெள்ளிக்கு, வெள்ளி போனது சாக்கடைக்கு. வெள்ளி அயனி விடும் வாஷிங் மெஷின்களைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப் போவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2006-இல் அறிவித்ததும் இதே கவலையால்தான்.

சாக்கடைக்குப் போனபின் என்ன ஆகிறது? இதற்குப் பதில் உங்கள் வீட்டு வெள்ளிக் கொலுசிலேயே இருக்கிறது. பீரோவில் கிடந்த கொலுசு ஏன் கறுக்கிறது? காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிவிடுகிறது. சாக்கடையின் அழுகிய முட்டை நாற்றமும் கந்தகம்தான். சுவிட்சர்லாந்தில் ஒரு மாதிரிச் சுத்திகரிப்பு நிலையத்தில் நானோ வெள்ளியை விட்டுப் பார்த்தபோது, 2011-இல் வந்த முடிவு: பெரும்பகுதி சீக்கிரமே சல்ஃபைடாகக் கறுத்துக் கசடோடு படிந்தது. சல்ஃபைடு தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, நஞ்சும் பெருமளவு குறைந்துவிடும். நல்ல செய்தி. ஆனால் கசடை அள்ளி வயலுக்கு உரமாகப் போட்டால் வெள்ளி மண்ணில் சேர்ந்துகொண்டே இருக்கும், எங்கும் போகாது. சுத்திகரிப்பே இல்லாமல் நேரே ஏரியில் விழும் இடத்தில் இந்தக் கணக்கும் அப்படியே பொருந்தாது.

கட்டிக் கிடப்பது என்றைக்கும் கட்டியே கிடக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. வீட்டு வெளிச்சுவர் பெயின்ட்டில் இருந்த டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள், மழையில் கழுவிக்கொண்டு ஓடைக்குப் போவதை அதே சுவிட்சர்லாந்தில் 2008-இல் பிடித்தார்கள். புதுப் பெயின்ட் அதிகம் விட்டது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கதை சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2004-இல் ஈவா ஒபர்டோர்ஸ்டர் என்ற ஆய்வாளர் கார்பன் பந்துகள் (கார்பன் அணுக்களால் ஆன நானோ அளவுப் பந்துகள்) கலந்த நீரில் மீன்களை 48 மணி நேரம் விட்டு, மூளையில் பாதிப்பு கண்டதாக எழுதினார். உலகம் முழுக்கச் செய்தியானது. மூன்று வருடம் கழித்து டென்னசியில் வேறொரு குழு வரிக்குதிரை மீன்களில் திரும்பச் செய்து பார்த்தது. அந்தப் பந்துகளை நீரில் கரைக்கப் பயன்படுத்திய டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான் சிதைந்து உண்டான பொருட்கள்தான் நஞ்சு. பந்தின் மீது பழி போட முடியவில்லை. ஈவாவின் தந்தை குந்தர் ஒபர்டோர்ஸ்டர் வேறு யாருமல்ல, மேலே சொன்ன மூக்கு நரம்பு ஆய்வைச் செய்தவர். 'நானோ நச்சியல்' என்ற துறையை நிலைநிறுத்திய 2005 கட்டுரையை மகளையும் சேர்த்துக்கொண்டு எழுதியவர். இந்தத் துறையில் கெட்ட முடிவைக் கண்டால், பாட்டிலில் துகளோடு வேறு என்ன இருந்தது என்று கேட்கும் பழக்கம் இந்த மீன்களால் வந்தது.

உங்கள் ஃபில்டருக்கு வருகிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினர் வெள்ளி, தங்க நானோ துகள்கள் தண்ணீரில் உள்ள பூச்சிக்கொல்லியைப் பிடித்துச் சிதைப்பதைக் கண்டார்கள். அது வீட்டு ஃபில்டராகச் சந்தைக்கு வந்து பல வருடமாகிறது. ஆர்செனிக்கைப் பிடிக்க அவர்கள் செய்த இரும்பு சார்ந்த பொருளும் பல மாநிலங்களில் ஓடுகிறது. இவற்றில் துகள் கரியிலோ மணலிலோ களிமண்ணிலோ கட்டிக் கிடக்கிறது. குடிநீரில் வெள்ளிக்கு நம் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். விற்பவரிடம் கசிவுச் சோதனை அறிக்கை கேளுங்கள். நல்ல கம்பெனி வைத்திருக்கும். நான் கேட்கும் இன்னொரு கேள்விக்குத்தான் பெரும்பாலும் விழிப்பார்கள்: பழைய காட்ரிட்ஜ் எங்கே போகும்? பூச்சிக்கொல்லியையும் ஆர்செனிக்கையும் குடித்து நிறைந்த அதைக் குப்பைத் தொட்டியில் போட்டால், பிடித்ததையெல்லாம் குப்பைமேட்டில் திருப்பிக் கொடுத்த மாதிரி. திரும்ப வாங்கிக்கொள்ளும் கம்பெனியாகப் பாருங்கள்.

ஃபில்டர் தண்ணீர் வேறு, 'கூழ்ம வெள்ளி' என்று சொட்டு மருந்தாக விற்பது வேறு. அதைக் குடிக்கவே வேண்டாம். மாதக்கணக்கில் குடித்தவர்களுக்குத் தோல் நீலச் சாம்பல் நிறமாகி அப்படியே நின்றுவிட்டது, திரும்பவில்லை. அமெரிக்க மருந்துத் துறை 1999-இலேயே அது கலந்து சீட்டில்லாமல் கடையில் விற்கும் மருந்துகளைப் பாதுகாப்பானவை என்று ஏற்க மறுத்துவிட்டது.

அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா? ஐரோப்பாவில் 2013 முதல் அழகுசாதனத்திலும், 2014 முதல் உணவிலும் சேர்மானப் பட்டியலில் பொருளுக்குப் பக்கத்தில் நானோ என்று போட்டாக வேண்டும். நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் நானோ மருந்துக்கும், 2020-இல் நானோ வேளாண் இடுபொருள், உணவுக்கும் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. நெறி நெறிதான், சட்டமல்ல. அட்டையில் நானோ என்று போடுவது பெரும்பாலும் விற்பவர் இஷ்டம், விற்கும் என்றால் போடுவார். ஜெர்மனியில் 2006-இல் 'மேஜிக் நானோ' என்று குளியலறைக் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரே வந்தது. அடித்தவர்களில் நூறு பேர் அளவில் மூச்சுத் திணறினார்கள், சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆராய்ந்து பார்த்தால் டப்பாவுக்குள் நானோ துகளே இல்லை! நுரையீரலைப் படுத்தியது மற்ற ரசாயனங்களின் நுண்துளி. பெயரில் மட்டும் நானோ.

கடைசியாக யூரியா, உங்கள் பாக்கெட்டைத் தொடும் விஷயம். இதில் உடம்புக்குப் பயம் குறைவு. யூரியா யூரியாதான், சிதைந்து போகும். மருந்தடிப்பது போலத்தான், காற்று எதிரே அடிக்காதீர்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், போதும். தாமிரம், வெள்ளி, துத்தநாகம் மாதிரி உலோக நானோவை மண்ணில் கொட்டும் பொருட்களுக்கு இந்தச் சலுகையை நான் தர மாட்டேன், அவை சிதையாது, சேரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மாம்பழம் சீக்கிரம் அழுகாமலிருக்கச் செய்த ஹெக்சனால் நானோ எமல்ஷன் (நீரில் நுண்துளிகளாகக் கலந்த கரைசல்) இன்னொரு வகை. செடிகளிலேயே உள்ள, ஆவியாகிவிடும் பொருள்.

நானோ யூரியாவின் நோக்கம் நல்லது. மூட்டையில் வாரி இறைக்கும் யூரியாவில் பாதிக்கு மேல் பயிருக்குச் சேராமல் அமோனியாவாகப் பறக்கிறது, நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்குகிறது, நைட்ரஸ் ஆக்சைடாக வானத்தைச் சூடாக்குகிறது. இதைக் குறைக்க முடிந்தால் பெரிய காரியம். ஆனால் கணக்கைப் பார்ப்போம். 2021-இல் வந்தபோது சொன்னது, 500 மில்லி பாட்டில் ஒன்று 45 கிலோ மூட்டைக்குச் சமம் என்று. அன்றைய பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம், அதாவது 20 கிராம். மூட்டையில் 46 சதவீதம், 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து எடுப்பது 15 கிலோ நைட்ரஜன் வாக்கில். அப்படியென்றால் பாட்டிலின் 20 கிராமையும் இலை சிந்தாமல் குடித்தாலும் அது ஒன்றரை கிலோ நெல்லுக்குக்கூடக் காணாது. இலை எவ்வளவு திறமையாகக் குடித்தாலும் பாட்டிலில் இல்லாத நைட்ரஜனைக் குடிக்க முடியாதே. மீதியை மண் கொடுக்கும், கொடுக்கும்வரை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினர் 2023-இல் இதே கேள்வியைக் கேட்டு எழுதினார்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருட வயல் சோதனையில், வழக்கமான உரத்தோடு ஒப்பிட்டால் நெல் விளைச்சல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் குறைந்தன, தானியத்தில் புரதமும் குறைந்தது. தயாரிப்பாளர்கள் தங்கள் சோதனைகளில் விளைச்சல் கூடியதாகச் சொல்கிறார்கள். இலங்கையில் 2021-இல் ரசாயன உரத்தைத் தடை செய்துவிட்டு அக்டோபரில் இந்தியாவிலிருந்து நானோ நைட்ரஜன் பாட்டில்களை விமானத்தில் இறக்கினார்கள். நவம்பரில் தடையையே விலக்க வேண்டியதாயிற்று.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் சேர்த்து. அடுத்த நடவில் ஒரே வயலில், ஒரே ரகத்தில், பத்து சென்ட்டுக்கு மேலுரம் மூட்டை யூரியாவாகப் போடுங்கள். பக்கத்துப் பத்து சென்ட்டுக்கு அதற்குப் பதில் பாட்டிலை அடியுங்கள். அடியுரம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், நடுவே வரப்பு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரோடு யூரியா இந்தப் பக்கம் வந்துவிடும். அறுத்ததும் இரண்டையும் கலக்காமல் தனித்தனிச் சாக்கில் கட்டி எடை போடுங்கள்.